கொள்ளுத்தாத்தா கணக்கில் வரமாட்டார்: இத்தாலியின் குடியுரிமைச் சட்டமும் அர்ஜென்டினாவும்

2025 மார்ச் 28 அன்று இத்தாலி அரசு குடியுரிமை தொடர்பாக ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. மே மாதம் நாடாளுமன்றம் அதைச் சில திருத்தங்களோடு 74-ஆம் எண் சட்டமாக நிறைவேற்றியது. சட்டம் ரோமில் வந்தாலும், அதிகம் கலங்கியது ஏறத்தாழ பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அர்ஜென்டினத் தலைநகர் புவெனஸ் அயர்ஸ்தான். அர்ஜென்டினாவில் இத்தாலியக் குடியுரிமை உள்ளவர்கள் 9 லட்சத்துக்கும் அதிகம். இத்தாலிக்கு வெளியே இத்தனை இத்தாலியக் குடிமக்கள் வேறு எந்த நாட்டிலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அர்ஜென்டினாவிலேயே பிறந்தவர்கள். பலருக்கு இத்தாலிய மொழி பேச வராது.

நூறாண்டுக்கு முன் கப்பலேறியவரின் எள்ளுப்பேரன் இன்றைக்கு எப்படி இத்தாலியர் ஆகிறார்? சட்டத்தை மட்டும் படித்தால் இது புரியாது. அர்ஜென்டினா எப்படி உருவானது என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சட்டத்தில் மாறியது என்ன

இத்தாலியக் குடியுரிமை ரத்த உறவு வழியாக இறங்குவது. எந்த மண்ணில் பிறந்தாலும், பெற்றவர் இத்தாலியர் என்றால் பிள்ளையும் இத்தாலியர். 1865-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 1912-ஆம் ஆண்டுச் சட்டம், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றுக்கும் அடிப்படை இதுவே. 2025 வரை தலைமுறைக்கு எல்லை கிடையாது. நிபந்தனைகள் மட்டும் உண்டு:

1. முதலில் குடிபெயர்ந்த மூதாதை 1861 மார்ச் 17-க்குப் பிறகும் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அன்றுதான் இத்தாலி என்ற ஒரே அரசு உருவானது. அதற்கு முன் இறந்தவர் இத்தாலியக் குடிமகனாக இருந்திருக்க முடியாது.

2. அடுத்த வாரிசு பிறப்பதற்கு முன் அவர் வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பி வாங்கியிருக்கக் கூடாது.

3. வம்சச் சங்கிலியில் பெண் வந்தால், அவருடைய பிள்ளை 1948 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். ஆண் பெண் சமத்துவத்தைச் சொன்ன அரசியல் சாசனம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் வாரிசுகளைத் தூதரகம் ஏற்பதில்லை. அவர்கள் இத்தாலிய நீதிமன்றத்துக்குப் போவார்கள்.

புதிய சட்டம் இதைத் தலைகீழாக்கியது. வெளிநாட்டில் பிறந்து, வேறு குடியுரிமையும் வைத்திருப்பவர் இத்தாலியக் குடியுரிமையைப் பெறவே இல்லை என்று கொள்ளப்படும். விதிவிலக்குகள் சில; இவற்றில் ஒன்று பொருந்தினால் போதும்:

1. 2025 மார்ச் 27 இரவு 11:59-க்குள் (ரோம் நேரம்) விண்ணப்பமோ வழக்கோ பதிவாகியிருக்க வேண்டும், அல்லது விண்ணப்பிக்கத் தூதரகம் நாள் ஒதுக்கித் தெரிவித்திருக்க வேண்டும்.

2. பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ இத்தாலியக் குடியுரிமை மட்டுமே உடையவராக இருக்க வேண்டும். இறந்துவிட்டால், இறக்கும்போது அப்படி இருந்திருக்க வேண்டும்.

3. அல்லது பெற்றோரில் ஒருவர் இத்தாலியக் குடியுரிமை பெற்றபின், பிள்ளை பிறப்பதற்கு முன், தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது இத்தாலியில் வசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது விதியில் உள்ள 'மட்டுமே' என்பதில்தான் மொத்தக் கனமும் இருக்கிறது. அர்ஜென்டினாவின் 346-ஆம் எண் சட்டம் (1869) அந்த மண்ணில் பிறக்கும் எல்லோரையும் அர்ஜென்டினர் ஆக்கிவிடுகிறது. ஆகவே அங்கே பிறந்த தாத்தா இத்தாலியக் குடியுரிமை வைத்திருந்தாலும், அது மட்டுமே வைத்திருந்தவர் ஆகமாட்டார். அந்தத் தாத்தாவே இத்தாலியிலிருந்து வந்து, கடைசிவரை அர்ஜென்டினக் குடியுரிமை வாங்காதிருந்தால்தான் பேரனுக்குக் கதவு திறக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இதில் தப்புவார்கள். ஆனால் பெருங்கூட்டம் வந்தது 1880-க்கும் 1914-க்கும் இடையில். அவர்களின் இன்றைய வாரிசுகள் கொள்ளுப்பேரன்களும் எள்ளுப்பேரன்களும்.

சங்கிலி நூறாண்டு அறாமல் இருந்தது எப்படி

அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர்களில் பலர் சில ஆண்டுகளில் அந்நாட்டுக் குடியுரிமை எடுத்துக்கொண்டார்கள். அதனால் பல குடும்பங்களில் சங்கிலி அங்கேயே அறுந்தது. அர்ஜென்டினாவில் குடியுரிமை எடுத்தவர்கள் மிகச் சிலரே. காரணம் பாசமல்ல, கணக்கு.

1. 1853-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 20-ஆவது பிரிவு வெளிநாட்டவருக்குக் குடிமகனுக்குள்ள சிவில் உரிமைகள் அனைத்தையும் தந்தது. நிலம் வாங்கலாம், தொழில் நடத்தலாம், தங்கள் மதப்படி வழிபடலாம். குடியுரிமை எடுத்தால் கூடுதலாகக் கிடைப்பது ஓட்டு மட்டுமே. 1912-க்கு முன் அந்த ஓட்டுக்கும் பெரிய மதிப்பில்லை; தேர்தல்களில் மோசடிதான் வழக்கம்.

2. 1901-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. வெளிநாட்டவருக்கு அது இல்லை.

3. தகராறு வந்தால் இத்தாலியத் தூதரகத்தின் ஆதரவு கிடைத்தது.

இதற்கு விலையும் இருந்தது. தொழிற்சங்கக் கிளர்ச்சிகள் பெருகியபோது, 1902-இல் வந்த வசிப்புச் சட்டம் விசாரணையின்றி வெளிநாட்டவரை நாடுகடத்த அரசுக்கு அதிகாரம் தந்தது. குடியுரிமை எடுக்காத பல இத்தாலியத் தொழிலாளர்களின் தலைமேல் அது எப்போதும் தொங்கியது. அவர்கள் அன்று எடுக்காமல் விட்ட அந்தக் காகிதம்தான், நூறாண்டு கழித்து, கொள்ளுப்பேரனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாஸ்போர்ட் ஆனது.

வரவழைத்தவர்கள் எதிர்பார்த்தது வேறு

1869 கணக்கெடுப்பில் அர்ஜென்டினாவின் மக்கள்தொகை சுமார் 18 லட்சம். நிலம் ஏராளம், ஆள் இல்லை. ஐரோப்பியக் குடியேற்றத்தை மத்திய அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவே சொல்கிறது. இன்றும் அது நீக்கப்படவில்லை. ஆள்வோர் மனதில் இருந்தது வடக்கு ஐரோப்பியர். வந்தவர்களோ பெரும்பாலும் இத்தாலியரும் ஸ்பானியரும்.

1876-இல் வந்த 817-ஆம் எண் குடியேற்றச் சட்டம் 'குடியேறி' யார் என்று நுணுக்கமாக வரையறுத்தது. 60 வயதுக்குக் கீழ்ப்பட்ட கூலித் தொழிலாளி, கைவினைஞர், விவசாயி, ஆசிரியர் போன்றோர். கப்பலில் இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பில் வந்திருக்க வேண்டும். அப்படி வந்தவருக்கு ஐந்து நாள் இலவசத் தங்குமிடமும் சாப்பாடும், வேலை தேடித்தரும் அலுவலகமும், உள்நாட்டுக்குப் போகப் பயணச் செலவும் உண்டு. 1911-இல் புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் திறக்கப்பட்ட குடியேறிகள் விடுதி இதற்காகவே கட்டப்பட்டது. இப்போது அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது.

1914-இல் மக்கள்தொகை ஏறத்தாழ 79 லட்சம். அதில் 30 சதவீதம் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியில் பிறந்தவர்கள் மட்டும் 9.3 லட்சம். தலைநகரில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டினர். இங்கேதான் மற்ற நாடுகளோடு வேறுபாடு தொடங்குகிறது. நியூயார்க்கில் இத்தாலியர் ஒரு பேட்டையில் ஒதுங்கிய சிறுபான்மை. புவெனஸ் அயர்ஸில் 'இத்தாலியர் தெரு' என்று தனியாக ஒன்று பெரிதாக வளரவே இல்லை. நகரமே அவர்களும் சேர்ந்து கட்டியது. தனிச் சமூகமாக நீடிக்காமல் நாட்டோடு கலந்ததால்தான் அவர்களின் தாக்கம் இவ்வளவு ஆழம் என்பது என் கணிப்பு.

யார், எங்கே

வட இத்தாலியத் துறைமுக நகரான ஜெனோவாவின் மக்கள்தான் முதலில் வந்தவர்கள். மாலுமிகள், படகு கட்டுவோர், ஆற்று வணிகர். ரியாச்சுவேலோ ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள லா போக்கா அவர்கள் பேட்டை. தகரத்தாலும் மரப்பலகையாலும் ஆன அதன் வண்ண வீடுகள் இன்று சுற்றுலாப் படங்களில் வருகின்றன.

வடமேற்கு இத்தாலியின் பியட்மான்ட் பகுதி விவசாயிகள் சாந்தா ஃபே, கோர்தொபா மாநிலங்களின் புல்வெளிக்குப் போனார்கள். 1870-கள் வரை கோதுமை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு, அடுத்த முப்பது ஆண்டுகளில் உலகின் முன்னணிக் கோதுமை ஏற்றுமதியாளர்களில் ஒன்றானது. உழைத்தவர்களுக்கு நிலம் கிடைத்ததா என்றால், ஆரம்பகாலக் குடியிருப்புகளில் சிலருக்குக் கிடைத்தது. தாமதமாக வந்தவர்கள் வரும்போது நல்ல நிலமெல்லாம் பெரும் பண்ணையார்கள் கையில். அவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். குத்தகை ஏறி, விலை சரிந்த 1912 ஜூனில் சாந்தா ஃபேயின் அல்கோர்தா ஊரில் வேலைநிறுத்தம் வெடித்தது. அவர்களுக்கு வழிகாட்டியவர் பிரான்சிஸ்கோ நெத்ரி என்ற இத்தாலிய வழக்கறிஞர். அந்தப் போராட்டத்தில் பிறந்த அர்ஜென்டின விவசாயிகள் கூட்டமைப்பு இன்றும் இயங்குகிறது.

1890-களிலிருந்து நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலி எனத் தெற்கிலிருந்து வந்தோர் பெருகி நகரங்களில் தங்கினார்கள். ஒரு முற்றம், அதைச் சுற்றி அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒன்றிரண்டு கழிப்பறை: இந்தக் 'கொன்வென்டிஷோ' குடியிருப்புகளில் 1907-இல் வாடகை மறுப்புப் போராட்டம் நடந்தபோது பெண்கள் துடைப்பத்தோடு ஊர்வலம் போனார்கள்.

இவர்களைத் தவிர 'தூக்கணாங்குருவிகள்' என்று அழைக்கப்பட்டவர்கள் ஒரு தனி ரகம். இத்தாலியில் அறுவடை முடிந்ததும் அக்டோபர், நவம்பரில் கப்பலேறி, தென்கோளத்தில் டிசம்பர் முதல் கோதுமையும் பின்னர் மக்காச்சோளமும் அறுத்து, மே வாக்கில் ஊர் திரும்புவார்கள். நீராவிக் கப்பலால் கட்டணம் குறைந்திருந்தது. கூலியோ இத்தாலியை விடப் பன்மடங்கு. வந்த இத்தாலியர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் எப்போதாவது திரும்பிப் போனவர்களே.

மொழி ஏன் நிலைக்கவில்லை

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இத்தாலிய மொழியே தாய்மொழி இல்லை. ஜெனோவாக்காரர் பேசியது கலாப்ரியாக்காரருக்குப் புரியாது. ஒருவருக்கொருவர் பேச அவர்களுக்கும் ஸ்பானியம்தான் தேவைப்பட்டது. 1884-இல் வந்த 1420-ஆம் எண் சட்டம் இலவச, கட்டாய, மதச்சார்பற்ற தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் ஸ்பானியத்தில் படித்தார்கள். இத்தாலியச் சங்கங்கள் நடத்திய பள்ளிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. இரண்டு தலைமுறையில் மொழி போய்விட்டது.

போனது மொழிதான், ஓசை தங்கிவிட்டது. புவெனஸ் அயர்ஸ் ஸ்பானியத்தின் ஏற்ற இறக்கம் மற்ற ஸ்பானியங்களைப் போல இல்லாமல் நேப்பிள்ஸ் பேச்சை ஒத்திருப்பதாக 2004-இல் வெளியான ஓர் ஒலியியல் ஆய்வு காட்டியது. வேலைக்கு 'லபூரோ', விடைபெற 'சாவ்', சோம்பலுக்கு 'ஃபியாக்கா', பாட்டிக்கு 'நோனா'. சந்துபொந்துகளில் பிறந்த 'லுன்ஃபார்தோ' கொச்சைமொழி தாங்கோ நடன இசைப் பாடல்கள் வழியே வீட்டுக்குள் வந்துவிட்டது. பாதி இத்தாலியமும் பாதி ஸ்பானியமுமாகத் தடுமாறிய முதல் தலைமுறையின் பேச்சை 'கொகோலிச்சே' என்று நாடக மேடைகள் கேலி செய்தன. கேலி செய்தவர்களிலும் பலர் குடியேறிகளின் பிள்ளைகளே.

அடுப்பில் நடந்த மாற்றம்

இத்தாலியில் இந்த ஏழைகள் சாப்பிட்டது பெரும்பாலும் மக்காச்சோளக் களி, அவரை, கீரை. அர்ஜென்டினாவில் மாட்டிறைச்சியும் கோதுமையும் பாலும் மலிவு. ஊரில் திருவிழாவுக்கு மட்டும் கண்டது இங்கே வாரநாள் உணவானது. அர்ஜென்டினாவின் இத்தாலியச் சமையல் தாய்நாட்டைவிடக் கனமாக இருப்பது இதனால்தான். மிலான் நகரக் கன்றிறைச்சி வறுவல் இங்கே மாட்டிறைச்சி 'மிலனேசா' ஆகி, மேலே தக்காளிச் சாறும் பன்றித்தொடைத் துண்டும் சீஸும் ஏறி 'நேப்பிள்ஸ் மிலனேசா' ஆனது. அதற்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் சம்பந்தமில்லை. 'நாப்போலி' என்ற பெயருள்ள புவெனஸ் அயர்ஸ் உணவகத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள்.

பீட்சாவிலும் ஜெனோவாவின் கை தெரிகிறது. ஆழமான தட்டில் தடித்த மாவு, வழிய வழிய மொசரெல்லா, வட்டமாக நறுக்கிய வெங்காயம். பக்கத்தில் 'ஃபைனா' என்ற கொண்டைக்கடலை மாவு அடை. பீட்சாத் துண்டின்மேல் ஃபைனாத் துண்டை ஏற்றிச் சாப்பிடுவது வழக்கம். செய்முறை:

1. கொண்டைக்கடலை மாவு 250 கிராம், தண்ணீர் 750 மில்லி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. கட்டியில்லாமல் கரைத்துக் குறைந்தது 4 மணி நேரம் ஊறவிடவும். ஊறாத மாவில் பச்சை வாடை போகாது.

2. மேலே திரளும் நுரையை வழித்து எடுக்கவும்.

3. நான்கைந்து மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் கலந்து, எண்ணெய் தடவிச் சூடாக்கிய தட்டில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊற்றவும். இதைவிடத் தடித்தால் உள்ளே களியாகவே நிற்கும்.

4. அடுப்பு 250 டிகிரிக்குக் குறையக் கூடாது. மேற்புறம் ஆங்காங்கே கருகும்வரை 20, 25 நிமிடம். மேலே மிளகு தூவவும்.

நம் கடைகளில் விற்கும் கடலை மாவு கடலைப்பருப்பில் அரைத்தது. அதிலும் வரும், சுவை சற்று மாறும்.

ஒவ்வொரு மாதமும் 29-ஆம் தேதி உருளைக்கிழங்கும் மாவும் சேர்த்த உருண்டையான 'ஞோக்கி' சாப்பிட்டு, தட்டுக்கு அடியில் ஒரு பணநோட்டை வைப்பது இன்னொரு வழக்கம். சம்பளத்துக்கு முந்தைய நாட்களில் கையில் மிஞ்சுவது மாவும் கிழங்கும்தானே. வேலைக்கே வராமல் மாதக்கடைசியில் சம்பளம் வாங்க மட்டும் தலைகாட்டும் அரசு ஊழியரையும் அங்கே 'ஞோக்கி' என்றே திட்டுவார்கள். இத்தாலியின் கசப்பு மதுவான ஃபெர்னெட், கோர்தொபாவில் கோலாவோடு சேர்ந்து தேசிய பானம் போல ஆகிவிட்டது: ஐஸ் நிறைந்த உயரமான குவளையில் 3 பங்கு ஃபெர்னெட், 7 பங்கு கோலா. குவளையைச் சாய்த்து மெல்ல ஊற்றாவிட்டால் நுரை பொங்கி மேஜையில் வழியும்.

ரொட்டிக் கடைகளில் அரசியலும் உண்டு. இத்தாலிய அராஜகவாதி எரிக்கோ மலாதெஸ்தா 1880-களில் புவெனஸ் அயர்ஸில் இருந்தபோது ரொட்டித் தொழிலாளர் சங்கம் அமைக்க உதவினார். 'பாதிரியின் உருண்டை', 'காவலர்', 'சிறு பீரங்கி' என்று அங்குள்ள இனிப்பு ரொட்டிகளுக்கு இருக்கும் பெயர்கள், சர்ச்சையும் போலீசையும் ராணுவத்தையும் நையாண்டி செய்ய அந்தத் தொழிலாளர்கள் வைத்தவை என்று பரவலாக நம்பப்படுகிறது.

சங்கங்கள், பந்து, தாங்கோ

அரசு காப்பீடு இல்லாத காலத்தில் பரஸ்பர உதவிச் சங்கங்களே காப்பாற்றின. மாதச் சந்தா கட்டினால் மருத்துவர், நோயுற்ற நாட்களுக்கு உதவித்தொகை, இறந்தால் அடக்கச் செலவு. 'ஒற்றுமையும் நல்லெண்ணமும்' என்று பொருள்படும் பெயரில் 1858-இல் புவெனஸ் அயர்ஸில் தொடங்கிய சங்கம் முன்னோடிகளில் ஒன்று. 1853-இல் நிறுவப்பட்ட இத்தாலிய மருத்துவமனை இன்று எல்லோருக்குமான முன்னணி மருத்துவமனை. லா போக்காவில் 1884-இல் இத்தாலியர்கள் தொடங்கியது நாட்டின் முதல் தன்னார்வத் தீயணைப்புப் படை.

1905-இல் அதே பேட்டையில் இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள் தொடங்கிய போக்கா ஜூனியர்ஸ் கால்பந்து அணியினரை இன்றும் 'ஜெனோவாக்காரர்கள்' என்றே ரசிகர்கள் அழைக்கிறார்கள். தாங்கோ இசையின் பெயர்ப்பட்டியலில் தி சார்லி, புக்லியேசே, திஸ்செப்போலோ, பியாசோலா என்று இத்தாலியக் குடும்பப் பெயர்கள் வரிசைகட்டும். போப் பிரான்சிஸின் தந்தை பியட்மான்டிலிருந்து 1929-இல் புவெனஸ் அயர்ஸ் வந்தவர்.

ஆவணம் எங்கே சிக்கும்

குடியுரிமை கோருபவர் தலைமுறைக்கு ஒன்றாகப் பிறப்பு, திருமணச் சான்றுகளையும் தேவைப்படும் இடத்தில் இறப்புச் சான்றையும் கோர்த்துக் காட்ட வேண்டும். மூதாதையின் பிறப்புப் பதிவு இத்தாலிய ஊராட்சியிலோ பழைய தேவாலயப் பதிவேட்டிலோ இருக்கும். அவர் அர்ஜென்டினக் குடியுரிமை வாங்கவில்லை என்ற சான்றை அர்ஜென்டினாவின் தேசியத் தேர்தல் நீதிமன்றம் தருகிறது. வழக்கமாகச் சிக்குவது இங்கேதான்:

1. பெயர் மாற்றம். ஜூசெப்பே ஹோசே ஆகியிருப்பார். குடும்பப் பெயரைப் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தேர்தல் நீதிமன்றச் சான்றில் அத்தனை வடிவங்களையும் குறிப்பிட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் தூதரகம் திருப்பி அனுப்பும்.

2. வயது, ஊர், பெற்றோர் பெயர் ஆகியவற்றில் சான்றுக்குச் சான்று முரண். அர்ஜென்டினாவிலேயே திருத்தம் பெற வேண்டும். சில நேரம் நீதிமன்றம் வழியாக.

3. சான்றுகளுக்கு, வேறு நாட்டிலும் செல்லும் என்று உறுதிசெய்யும் அப்போஸ்தில் முத்திரையும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் இல்லாமை.

2025 ஜனவரி முதல் ஒருவருக்கான கட்டணம் 300 யூரோவிலிருந்து 600 யூரோவானது. மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது.

இத்தாலி ஏன் இப்போது கதவைச் சாத்தியது

வெளியுறவு அமைச்சகத்தின் கணக்குப்படி, வெளிநாட்டில் வாழும் இத்தாலியக் குடிமக்கள் 2014 இறுதியில் சுமார் 46 லட்சம். 2024 இறுதியில் 64 லட்சம். அர்ஜென்டினாவில் மட்டும் 2023-இல் ஏறத்தாழ 20,000 பேருக்கும் 2024-இல் 30,000 பேருக்கும் குடியுரிமை உறுதிசெய்யப்பட்டது. நீதிமன்றங்களில் 60,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கின. இவர்களுக்கு ஓட்டும் உண்டு: வெளிநாட்டு வாக்காளர்களுக்கென்றே நாடாளுமன்ற இடங்கள் இருக்கின்றன. 2006-இல் செனட்டில் மயிரிழைப் பெரும்பான்மையோடு அமைந்த பிரதமர் ரொமானோ புரோதியின் அரசு, புவெனஸ் அயர்ஸ்வாசியான செனட்டர் லூயிஜி பல்லாரோவின் ஓட்டை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

2024 டிசம்பரில் அர்ஜென்டின அதிபர் ஹாவியர் மிலேய்க்கு இத்தாலி தன் குடியுரிமையை வழங்கியபோது இத்தாலியிலேயே எதிர்ப்பு எழுந்தது. இத்தாலியில் பிறந்து இத்தாலியப் பள்ளியில் படிக்கும் குடியேறிகளின் பிள்ளைகள் பொதுவாக 18 வயது வரை காத்திருக்க வேண்டும். பெரியவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால், 10 ஆண்டு. அந்தப் பத்தை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு போதிய ஓட்டு விழாததால் செல்லாமல் போனது. வம்சாவளிக் கதவைக் குறுக்கிய நாடு, வசிப்பவர்களுக்கான கதவையும் அகலத் திறக்கவில்லை.

ஒரு சிறு வழி மட்டும் புதிய சட்டத்தில் இருக்கிறது. இத்தாலியர் பெருமளவில் குடிபெயர்ந்த நாடுகளின் குடிமக்கள், இத்தாலிய வம்சாவளி என்றால், வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ஆண்டு ஒதுக்கீட்டுக்கு வெளியே வேலை விசாவில் இத்தாலிக்குள் நுழையலாம். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறப்பால் இத்தாலியக் குடிமகனாக இருந்திருந்தால் இரண்டு ஆண்டு சட்டப்படி வசித்தபின் குடியுரிமை கேட்கலாம். சங்கிலியில் கொள்ளுத்தாத்தா மட்டுமே இத்தாலியர் என்றால், விசா கிடைத்தாலும் மற்ற வெளிநாட்டவரைப் போலப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதுதான்.